ஜிப்சியின் பட்டை ஸ்பிரிங்: ஷாக் அப்சார்பர் வாங்கும் முன் செய்ய வேண்டியவை – முழுமையான வழிகாட்டி

"வண்டி ரொம்பத் தூக்கிப் போடுதுண்ணே, ஷாக் போயிடுச்சு போல." கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் எஸ்டேட் வேலைக்கு மாருதி ஜிப்சி வைத்திருப்பவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். பாதிப் பேர் நான்கு ஷாக்கையும் ஏற்கெனவே மாற்றிவிட்டுத்தான் வருவார்கள். குறை அப்படியே இருக்கும்.

அப்படி வந்த ஒரு வண்டியின் பின்பக்கத்தில், அச்சையும் ஸ்பிரிங்கையும் இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டின் நட்டில் ஸ்பேனரை வைத்தேன். பலம் கொடுக்காமலே அரைச் சுற்று சுற்றியது. இருபது நிமிட வேலைக்குப் பதிலாக அவர் நான்கு ஷாக்குக்குப் பணம் கொடுத்திருந்தார்.

முன்னும் பின்னும் முழு அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் (ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகள்) உள்ள ஜிப்சியை வைத்து இதை எழுதுகிறேன். பழைய பட்டை ஸ்பிரிங் ஜீப்புகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். காயில் ஸ்பிரிங் உள்ள ஜிம்னிக்கு இது வேண்டாம், அதன் அமைப்பு வேறு.

1. எடை எந்த வழியாகப் போகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

டயரிலிருந்து ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), ஹப்பிலிருந்து அச்சு. அச்சைப் பட்டைக் கட்டோடு இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட். பட்டையின் இரு முனைக் கண்களிலும் (சுருட்டிய வளையங்கள்) ரப்பர் புஷ். ஒரு கண் சேசிஸ் பிராக்கெட்டில் நேராக மாட்டியிருக்கும், மறு கண் ஷேக்கிளில் (முன்பின் ஆடும் இணைப்புத் தகடு) தொங்கும். ஜிப்சியில் முன் பட்டையின் ஷேக்கிள் வண்டியின் முன் நுனியிலும், பின் பட்டையின் ஷேக்கிள் பின் நுனியிலும் இருக்கும்.

இந்த வரிசையில் ஷாக் எங்கும் வரவில்லை. ஷாக் எடையைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும் வண்டிக்கு ஷாக் மாற்றி எந்தப் பயனும் இல்லாதது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. ஜிப்சியின் பட்டை வெறும் ஸ்பிரிங் மட்டுமல்ல. அச்சு முன்பின்னாக நகராமலும், இடவலமாக ஒதுங்காமலும் பிடித்து வைப்பதும் அதே பட்டைதான். ஆகவே புஷ் தேய்ந்தால் வண்டி குலுங்குவதோடு நிற்காது, ஸ்டியரிங்கும் அலையும்.

சோதனையை இதே வரிசையில் செய்யுங்கள்: யூ போல்ட், பட்டை, புஷ், ஷேக்கிள், கடைசியில் ஷாக்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஜாக்கி ஒன்று, ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு, சக்கரத்துக்கு வைக்கக் கட்டைகள் நான்கு. இதில் சமரசம் வேண்டாம். ஹாலோ பிளாக் கல்லை ஸ்டாண்டாக வைப்பதை மலையில் நிறையப் பார்க்கிறேன். அந்தக் கல் முன்கூட்டி விரிசல் காட்டாது, ஒரே நொடியில் நொறுங்கும். ஏறத்தாழ ஒரு டன் வண்டி மேலே இருக்கும்போது அதன் அடியில் நீங்கள் படுத்திருப்பீர்கள்.

மற்றவை: கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, ரிங் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் செட், கைப்பிடியை நீட்ட இரும்புக் குழாய், சின்னக் கடப்பாரை, அளவு நாடா, சுண்ணக்கட்டி, பெரிய சி கிளாம்ப் இரண்டு, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்). டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். எந்த நட்டுக்கு எவ்வளவு இறுக்கம் என்பது உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பட்டையை இறக்கப் போகிறீர்கள் என்றால் புது யூ போல்ட்டும் நட்டும், சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவில் கோர்ப்பது), புஷ் செட் எல்லாம் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். இறக்கிவிட்டு வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறினால் வண்டி மூன்று நாள் ஸ்டாண்டில்தான் நிற்கும்.

துரு இளக்கும் ஸ்பிரேயை முந்தைய நாள் மாலையே எல்லா நட்டுக்கும் அடித்துவிடுங்கள். காலையில் அடித்து உடனே திருகினால் போல்ட் முறியும்.

3. எதையும் தளர்த்தும் முன் அளவு எடுங்கள்

புதியவர்கள் எல்லாரும் தாண்டிவிடும் படி இது. கழற்றிய பிறகு பழைய நிலை என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

சமதளத்தில் நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்று சரியான அளவில் இருக்கட்டும். பின்னால் இருக்கும் சாமான்களை இறக்கிவிடுங்கள். வண்டியை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டுவிடுங்கள், புஷ்களின் பிடிப்பு இளகி இயல்பான உயரத்துக்கு வரும்.

இப்போது ஹப்பின் நடுவிலிருந்து அதற்கு நேர் மேலே பாடி வளைவின் விளிம்பு வரை, நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். டயரின் அடியிலிருந்து அளக்க வேண்டாம், டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பும். இடது வலது வித்தியாசம் சில மில்லிமீட்டர் என்றால் விட்டுவிடலாம். 15 மி.மீ.க்கு மேல் என்றால் அந்தப் பக்கத்துப் பட்டையில் ஏதோ இருக்கிறது.

அடுத்து, முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். ஜிப்சியின் வீல்பேஸ் 2375 மி.மீ. முழு எண் சரியாக வருகிறதா என்பதைவிட இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் 10 மி.மீ. குறைந்தால் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நேர்ச் சாலையில் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துப் போவதற்கு இதைக் கண்டுபிடிக்காமல் மூன்று முறை அலைன்மென்ட் செய்தவரை எனக்குத் தெரியும்.

4. கழுவி, காயவைத்து, வெளிச்சத்தில் பாருங்கள்

சேறு அப்பிய பட்டையில் விரிசல் தெரியாது. நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். பிறகு டார்ச்சை நேராக அடிக்காமல் பட்டையின் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், முடி போன்ற விரிசலும் நிழலாகத் தெரியும்.

விரிசல் பெரும்பாலும் விழும் இடங்கள் இரண்டு: கண்ணுக்கு அருகே மெயின் பட்டை, சென்டர் போல்ட் ஓட்டையைச் சுற்றி. இரண்டாவது இடம் யூ போல்ட் தட்டுக்குள் மறைந்திருக்கும், கழற்றாமல் தெரியாது. ஆனால் அதற்கு முன்பே ஓர் அறிகுறி கிடைக்கும்.

யூ போல்ட் நட்டின் அடியில், வாசர் தட்டைத் தொடும் வட்டத்தில், காவி நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணத் துரு இரும்போடு ஒட்டியிருக்கும். இது விரலால் தொட்டால் மஞ்சள்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு இரும்பு ஒன்றன்மேல் ஒன்று நுணுக்கமாக உரசினால்தான் இப்படிப் பொடியாகும். அங்கே இறுக்கம் போய்விட்டது என்று அர்த்தம். பட்டைக்கும் தட்டுக்கும் நடுவே பளபளவென்று தேய்ந்த கோடு இருந்தாலும் அதே அர்த்தம்தான்.

பட்டைகளைக் கூட்டிப் பிடிக்கும் வளையங்கள் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பாருங்கள். அவை கழன்று விழுந்தால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது மெயின் பட்டை மட்டும் தனியாக வளைந்து முழுச் சுமையையும் வாங்கும்.

5. யூ போல்ட்: பாதிக் குறைகளின் இருப்பிடம்

அச்சை இடத்தில் பிடித்து வைப்பது சென்டர் போல்ட் என்று பலர் நினைக்கிறார்கள். சென்டர் போல்ட்டின் வேலை பட்டைகளை ஒன்றாகக் கோர்ப்பதும், மாட்டும்போது அச்சு சரியான இடத்தில் உட்கார வழிகாட்டுவதும்தான். ஓடும்போது பிடிப்பைக் கொடுப்பது நான்கு யூ போல்ட் நட்டுகளின் இறுக்கம். அது தளர்ந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அச்சு கொஞ்சம் நகர முயலும், அந்த வெட்டு முழுதும் சென்டர் போல்ட் மேல் விழும். சில மாதத்தில் அது அறுந்துவிடும். அறுந்த சென்டர் போல்ட்டை மட்டும் மாற்றி யூ போல்ட்டை அப்படியே விட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

தளர்ந்திருந்தால் மட்டும்: வண்டி சக்கரத்தில் நிற்கும்போது நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள். ஒரே நட்டை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள், தட்டு சாய்ந்து உட்காரும். முடிந்ததும் நட்டுக்கு வெளியே நீட்டும் மரை நான்கிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

மரை நசுங்கியிருந்தாலோ துரு தின்றிருந்தாலோ யூ போல்ட்டையே மாற்றிவிடுங்கள். ஒருமுறை முழு இறுக்கத்தில் நீண்ட போல்ட் இரண்டாவது முறை அதே பிடிப்பைத் தராது. பட்டையை இறக்கும் வேலை என்றால் பழைய யூ போல்ட்டை நான் திரும்பப் போடுவதே இல்லை.

6. புஷ்ஷும் ஷேக்கிளும்

கடப்பாரையை ஷேக்கிளுக்கும் சேசிஸுக்கும் நடுவே கொடுத்து மெதுவாக நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் அமுங்கி மீள்வது சரி. டொக் டொக் என்று இரும்புச் சத்தம் வந்தால் புஷ் முடிந்துவிட்டது.

முன்பக்கத்துக்கு இன்னும் நல்ல சோதனை உண்டு. ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடதும் வலதும் சிறிதாக ஆட்ட, நீங்கள் கீழே குனிந்து பட்டைக் கண்ணைப் பாருங்கள். ஸ்டியரிங் திரும்பும்போது சக்கரம் திரும்புவதற்கு முன்பே பட்டை பக்கவாட்டில் நகர்ந்தால், ஸ்டியரிங் பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் புஷ்ஷை மாற்றுங்கள்.

ரப்பர் புஷ்ஷில் கிரீஸோ எஞ்சின் ஆயிலோ போடக் கூடாது. சத்தம் நிற்பது போல் இருக்கும், ஆனால் எண்ணெய் ரப்பரை ஊதவைத்துப் பிய்த்துவிடும். மாட்டும்போது சோப்புத் தண்ணீர் போதும். பாலியூரிதேன் புஷ் போட்டால் அதற்குச் சிலிகான் கிரீஸ்.

7. முன் சக்கரம் படபடத்தால் கிங்பின்னையும் பாருங்கள்

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் கையிலேயே நிற்காமல் ஆடினால் முதலில் டயர் பேலன்ஸ், அடுத்து புஷ், அடுத்து கிங்பின், அதாவது முன் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணி.

முன் அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் குறை வீல் பேரிங்கில். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங்பின் பேரிங்கில். பிரேக் ஹப்பையும் நாக்கிளையும் (கிங்பின்னில் திரும்பும் பாகம்) ஒன்றாகக் கட்டிவிடுவதால் வீல் பேரிங்கின் ஆட்டம் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது.

கிங்பின் பேரிங்கை ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்து அமைக்கும் வேலை தனிக் கட்டுரைக்கு உரியது. முதல் தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள்.

8. இப்போது ஷாக்

உடம்பில் லேசான எண்ணெய் ஈரம் இருந்தால் கவலை வேண்டாம். எண்ணெய் வழிந்து தூசி களியாக அப்பியிருந்தால் மாற்ற வேண்டும்.

உறுதி செய்ய, கீழ் முனையைக் கழற்றி கையால் முழுதும் அமுக்கி இழுங்கள். இரு திசையிலும் இடையில் விட்டுவிடாமல் சீராக எதிர்க்க வேண்டும். திசை மாறும் இடத்தில் வெற்றாக ஓடி, பிறகு பிடித்தால் உள்ளே வால்வு போய்விட்டது. புதியதை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து தடவை முழுதும் இழுத்து அமுக்குங்கள். படுக்க வைத்திருந்ததால் உள்ளே காற்று கலந்திருக்கும், அதை வெளியேற்றாவிட்டால் புது ஷாக்கே பழையது போல் நடந்துகொள்ளும். ஓர் அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

9. பட்டையை இறக்கும் வரிசை

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டையும் கழற்றினால் அச்சு உருண்டு பிரேக் ஹோஸையும் ஷாஃப்டையும் இழுக்கும்.

எதிர் அச்சின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் நட்டை தரையில் இருக்கும்போதே இளக்கிவிடுங்கள். வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டை சேசிஸுக்கு அடியில் வையுங்கள், அச்சுக்கு அடியில் அல்ல. அச்சு தனியாக இறங்க வேண்டியிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி வண்டிக்கு அடியிலேயே தள்ளி வையுங்கள், ஸ்டாண்டு சரிந்தாலும் ஓர் இடைவெளி மிச்சமிருக்கும்.

ஜாக்கியை அச்சுக்குக் கொடுத்து பட்டையின் இழுப்பை எடுத்துவிட்டு ஷாக்கின் கீழ் முனையைக் கழற்றுங்கள். பிறகு யூ போல்ட். ஜிப்சியில் பட்டை அச்சுக்கு அடியில் இருப்பதால் யூ போல்ட்டும் தட்டும் வந்ததும் பட்டை கீழே தொங்கும், அச்சு ஜாக்கியின் மேல் நிற்கும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று இந்த இடத்தில் கட்டாயம் பாருங்கள். அடுத்து ஷேக்கிள் போல்ட், கடைசியில் நிலையான கண்ணின் போல்ட். ஷேக்கிள் முனை முதலில் விடுபட்டால் பட்டை தன் இழுப்பை அங்கே விட்டுவிடும், மற்றப் போல்ட் தட்டாமலே வரும்.

வெளியே வந்த பட்டையில் எது முன்பக்கம், எது இடது என்று பெயிண்டால் குறித்துவிடுங்கள். இரும்பு வெட்டும் வேலையைவிட இந்தக் குறி போடாததால் வீணான நேரம்தான் எனக்கு அதிகம்.

10. கட்டைப் பிரிப்பது

சென்டர் போல்ட்டை உருவும் முன் அதன் இருபுறமும் சி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் வளைவு வேறு, அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. கிளாம்ப் இல்லாமல் நட்டை எடுத்தால் கடைசி மரையில் தெறிக்கும். கிளாம்ப்பை மெதுவாகத் தளர்த்திப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஓட்டையைச் சுற்றி விரிசல் பாருங்கள்.

பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் வைப்பதா என்ற வாதம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. எங்கள் மண்ணில் கிரீஸ் மணலைப் பிடித்து உப்புத்தாள் போல ஆகிவிடுகிறது. நான் உலர்ந்த கிராஃபைட் மட்டும் மெலிதாகத் தடவுகிறேன்.

உடைந்த பட்டையை வெல்டிங் செய்யாதீர்கள். வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் பதம் போய், பக்கத்திலேயே மறுபடி உடையும். தணிந்த பட்டையை உலையில் காய்ச்சித் தட்டி, அப்படியே ஆறவிட்டுத் தரும் இடத்துக்கும் கொடுக்காதீர்கள். காய்ச்சிய பிறகு எண்ணெயில் குளிரவைத்து மறுபடி பதப்படுத்தாவிட்டால் அது ஸ்பிரிங் அல்ல, வெறும் இரும்புத் தகடு. எனக்கு ஒரு பட்டறையில் அப்படிச் செய்து தந்தது ஆறு வாரம் நின்றது.

சென்டர் போல்ட் அதற்கென்று விற்பதாகவே இருக்கட்டும். தலையின் அளவு அச்சு இருக்கையின் (அச்சில் பட்டை உட்காரும் இடம்) ஓட்டையில் சரியாகப் பொருந்த வேண்டும். ஹார்டுவேர் கடைச் சாதாரண போல்ட் தலையும் பொருந்தாது, பலமும் வராது.

11. திரும்ப மாட்டும்போது இறுக்கும் நேரம்தான் முக்கியம்

நிலையான கண், பிறகு ஷேக்கிள். இரண்டு போல்ட்டும் கையால் வரும் வரை மட்டும். சென்டர் போல்ட் தலை இருக்கை ஓட்டைக்குள் விழுந்ததை விரலால் தடவி உறுதி செய்துகொண்டு அச்சை மெதுவாக இறக்குங்கள். யூ போல்ட்டைக் குறுக்காக இறுக்குங்கள். ஷாக், சக்கரம் மாட்டி வண்டியைத் தரையில் இறக்குங்கள். வீல் நட்டை முழு இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, பத்தடி முன்னும் பின்னும் உருட்டுங்கள்.

இப்போதுதான் கண் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் மேனுவல் அளவுக்கு இறுக்க வேண்டும். அச்சு தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் அந்த நிலையில் கவ்விக்கொள்ளும். வண்டி இறங்கியதும் முறுகியே நிற்கும், ஓடும்போது இன்னும் முறுகும். புதுப் புஷ் சில மாதத்தில் கிழிந்துவிட்டது என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது இறுக்கினீர்கள்?" என்பதுதான். ஜாக்கியில் இருக்கும்போது கை எட்டுவது வசதி என்று எல்லாரும் அங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

12. அடுத்த 500 கி.மீ.

100 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். பெயிண்டும் துருவும் நசுங்கி உட்காருவதால் நிச்சயம் கொஞ்சம் இறங்கியிருக்கும். 500 கி.மீ.யில் இன்னொரு முறை. பிறகு நட்டிலிருந்து தட்டு வரை ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகியிருந்தால் ஸ்பேனர் இல்லாமலே தெரியும்.

அதன்பின் மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை. ஓடைக்குள் இறக்கியிருந்தால் அன்றே கழுவிவிடுங்கள்.

13. உயரம் ஏற்ற ஆசைப்பட்டால்

நீள ஷேக்கிள் போட்டால் மலிவாக உயரம் கிடைக்கும் என்பார்கள். 50 மி.மீ. நீளத்துக்கு 25 மி.மீ. அளவில்தான் வண்டி உயரும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது. ஜிப்சியில் முன் ஷேக்கிள் முன்நுனியில் இருப்பதால் அச்சும் முன்னோக்கிக் கவிழ்ந்து காஸ்டர் (கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் அந்த வண்டியை ஓட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது மூட்டை ஏற்றும் வண்டிக்குச் சரி. காலி வண்டிக்குச் சேர்த்தால் பட்டை வளைய மறுக்கும், பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், அந்த அதிர்ச்சி சேசிஸ் பிராக்கெட்டுக்குப் போகும். அப்படி விரிசல் விட்ட பிராக்கெட் ஒன்றைப் போன மாதம்தான் பார்த்தேன். இரண்டு பட்டையைக் கழற்றி எடுத்த பிறகுதான் அதில் கைவைத்தோம்.